உரிமத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கான உங்கள் வழிகாட்டிப் பக்கத்தில், விமானி வேலைக்குத் தொடக்கத்திலேயே லட்சங்களில் சம்பளம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது துணை விமானியாகச் சேர்ந்து, பயணிகள் விமானத்தில் பயிற்றுநரோடு பறக்கும் லைன் பயிற்சியும் முடித்தவருக்கு வரும் சம்பளம். அந்த இடத்துக்கு வருவதற்குள் கரையும் மூன்று, நான்கு ஆண்டுகளையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு டி.ஜி.சி.ஏ. எனும் மத்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கேட்பது 200 மணி நேரப் பறப்பு. அதற்கே 40 முதல் 60 லட்சம் ரூபாய் வரை ஆகிறது. ஏர்பஸ் 320 போன்ற ஒரு விமான ரகத்தை ஓட்டுவதற்கான தகுதி, அதாவது டைப் ரேட்டிங், தனிச்செலவு. 50 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று போட்டுப் பாருங்கள்: மாதத் தவணை ஏறக்குறைய 68,900 ரூபாய். படிக்கும் இரண்டு வருட வட்டியைக் கட்டாமல் விட்டால் தனிவட்டியாகவே 11 லட்சம் அசலோடு சேரும். தவணை 84,000 ஆகிவிடும். வேலை கிடைத்ததோ இல்லையோ, சலுகைக் காலம் முடிந்ததும் வங்கி தவணையைக் கேட்கும். அடமானத்தில் இருப்பது பெரும்பாலும் வீட்டுப் பத்திரம்.

இரண்டு வருடத்தில் முடியும் என்பதும் விமானப் பயிற்சிப் பள்ளியைப் பொறுத்தது. ஒரு பள்ளியில் பறக்கும் நிலையில் ஆறு விமானங்கள், ஒவ்வொன்றும் நாளுக்கு நாலு மணி நேரம், மாதத்தில் 25 நாள் பறந்தால் 600 மணி. மாணவர் அறுபது பேர் என்றால் ஆளுக்கு மாதம் பத்து மணிதான். 200 மணிக்கு இருபது மாதம். இது மழையும் மூடுபனியும் இல்லாத கணக்கு. ஒவ்வொரு 100 மணிக்கும் விமானம் சோதனைக்காக ஹேங்கருக்குள் போகும். உதிரிபாகம் வராமல் வாரக்கணக்கில் நிற்பதும் உண்டு. இழுத்துக்கொண்டே போனால் இன்னொரு வில்லங்கம்: உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கடைசி ஆறு மாதத்துக்குள் 15 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கைக்காசு போட்டு மறுபடி பறக்க வேண்டும்.

உரிமம் கையில் வந்தபின் தொடங்கும் காத்திருப்புதான் மிகக் கொடியது. 2023இல் மட்டும் நம் நாட்டில் 1,622 சி.பி.எல். வழங்கப்பட்டன. அத்தனை பேருக்கும் அதே ஆண்டில் காக்பிட்டில் இடம் இருக்காது. ஒரு விமான நிறுவனம் மூடினால் அனுபவசாலிகள் நூற்றுக்கணக்கில் சந்தைக்கு வருவார்கள். புதியவர் வரிசையின் கடைசிக்குப் போவார். 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட் என்று மூன்று முறை இது நடந்துவிட்டது. காத்திருக்கும் பையனோ பெண்ணோ சும்மா இருக்கவும் முடியாது. 'கிளாஸ் 1' எனும் முதல்நிலை மருத்துவச் சான்றும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தகுதியும் வருடாவருடம் புதுப்பித்தாக வேண்டும். சம்பளம் இல்லாத வீட்டிலிருந்து அதற்கும் பணம் போகிறது.

வேலை கிடைத்த பிறகும் சம்பளச் சீட்டைக் கவனித்துப் பாருங்கள். நிலையான தொகை ஒரு பகுதி. மிச்சம் பறந்த மணிக்கணக்குக்கு. அந்த மணி, விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரும்போது தொடங்கி, மறுபடி வந்து நிற்கும்போது முடிகிறது. சென்னை–மதுரை–சென்னை–கோவை–சென்னை என்று நாலு பயணம், பயணத்துக்கு ஒன்றேகால் மணி என்று வையுங்கள்: கணக்கில் ஏறுவது ஐந்து மணி. ஒரு மணி நேரம் முன்னதாக வந்து கையெழுத்திட்டதையும், நடுவில் மூன்று முறை நாற்பது நாற்பது நிமிடம் நின்றதையும், கடைசியில் கால் மணி நேரக் காகித வேலையையும் சேர்த்தால் உழைத்தது எட்டேகால் மணி. விமானங்கள் பழுதாகி நின்ற மாதத்தில் பறக்கும் மணி குறையும், சம்பளமும் குறையும், தவணை மட்டும் குறையாது. விலகலாம் என்றால் ஒப்பந்தப் பத்திரம் குறுக்கே நிற்கும். துணை விமானிக்கு ஆறு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்று 2017இல் டி.ஜி.சி.ஏ. விதியே வந்தது.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்றிரண்டு. பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டுமுன் முதல்நிலை மருத்துவச் சோதனையை முடியுங்கள். நிறப்பார்வைக் குறை அப்போதே தெரிந்தால் நஷ்டம் சில ஆயிரங்களோடு நிற்கும். கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்டச் சம்மதிக்கும் பள்ளியைத் தேடுங்கள். விமானம் எத்தனை என்று கேட்காதீர்கள். இன்று பறப்பது எத்தனை, போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி பறந்தார் என்று கேளுங்கள், பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடன் போடும்போது உரிமத்துக்குப் பின் குறைந்தது பதினெட்டு மாதத் தவணைக்கான பணத்தை ஒதுக்கிவையுங்கள்.

பறக்க ஆசைப்படும் பிள்ளைகளைத் தடுக்க இதை எழுதவில்லை. அடுத்த முறை விமானியின் சம்பளத்தை அச்சிடும்போது, அதே வரியில் அந்த 84,000 ரூபாயையும் அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விமானப் பயிற்சித் துறையிலிருந்து ஒரு வாசகர்,
சென்னை