கையை வெட்டிவிட்டு ஓவியத்தை அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் காது கேளாதோர் வாரம் வந்துவிட்டால், நம் நாளிதழ்களில் காது கேளாத ஓவியர் ஒருவரைப் பற்றிச் செய்தி வரும். 'குறையை வென்ற கலைஞர்' என்ற தலைப்பு, பரிசு வாங்கும் புகைப்படம், பெற்றோர் பேட்டி எல்லாம் இருக்கும். அவர் என்ன வரைந்தார் என்பது மட்டும் இருக்காது.

1989 மே மாதம் வாஷிங்டனில், காது கேளாதோருக்கான காலாடெட் பல்கலைக்கழகத்தில், பெட்டி மில்லர், பால் ஜான்ஸ்டன் முன்னின்று நடத்த, ஒன்பது கலைஞர்கள் நான்கு நாள் கூடிப் பேசி, காது கேளாத வாழ்வைக் காட்டும் கலைக்கு 'டெவியா' என்று பெயரிட்டு அறிக்கை எழுதினார்கள். காது கேளாதவர் வரைந்ததெல்லாம் இதில் சேராது. பூச்சாடி வரைந்தால் அது பூச்சாடிதான். காது கேளாத வாழ்வைச் சொல்லும் நோக்கம் இருக்க வேண்டும்; அந்த நோக்கத்தோடு காது கேட்பவர் வரைந்தாலும் சேரும். அழுத்தமான, ஒன்றோடொன்று மோதும் நிறங்களும், பெரிதுபடுத்திய கண், வாய், காது, கைகளும் இதன் அடையாளங்கள்.

1880-ல் மிலானில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாட்டுக்குப் பிறகு பல நாட்டு வகுப்பறைகளில் சைகை மொழிக்குத் தடை விழுந்தது. மில்லரின் 1972 கோட்டோவியத்தில் விலங்கிட்ட கைகளும் துண்டான விரல்களும் ஏன் என்பது அது தெரிந்தால்தான் புரியும்.

சூசன் டுபோரின் 1991 ஓவியத்தைப் பாருங்கள். சோபாவில் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, முகங்கள் எல்லாம் கலங்கிக் கிடக்கின்றன. கீழே தரையில் ஒரு சிறுமி, வீட்டு நாயைப் போல. உதடு அசைவதைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் போராடும் பிள்ளைக்கு வீடு அப்படித்தான் தெரியும். இதை ஒற்றைப் பத்தி அகலத்தில் போட்டால், கலங்கிய முகங்களை அச்சுப் பிழை என்றே வாசகர் நினைப்பார். மூன்று பத்தி அகலமாவது கொடுங்கள். கலக்கம் வேண்டுமென்றே செய்தது என்று படவிளக்கத்தில் எழுதுங்கள். நான்சி ரூர்க் சிவப்பு, மஞ்சள், நீலத்தை வைத்தே பேசுபவர்; கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் போட்டால் பாதி போய்விடும். சக் பேர்ட் சைகை செய்யும் கையையே பொருளாக மாற்றி வரைந்தவர். இடம் போதவில்லை என்று ஓரத்தை வெட்டினால் சொல்லே போச்சு. அது அமெரிக்கச் சைகை என்பதால், நம் ஊரில் சைகை பேசுபவருக்கும் விளக்கம் தேவைப்படும்.

கண்காட்சி நடத்துவோருக்கும் ஒன்று. சைகை மொழிபெயர்ப்பாளரை ஜன்னலுக்கு முன் நிறுத்தினால் பின்வெளிச்சத்தில் கை தெரியாது. ஓவியத்தையும் சைகையையும் ஒரே நேரத்தில் பார்க்கவும் முடியாது. சொல்லி முடித்துவிட்டு, பார்க்க நேரம் விடுங்கள். மொழிபெயர்ப்பாளர் கட்டணத்தைக் கலைஞரின் தொகையிலிருந்து பிடிக்காதீர்கள். அப்படிப் பங்கு போடச் சொல்லும் அமைப்பாளர்கள்மீதுள்ள கோபத்தைக் காது கேளாத கலைஞர் கிறிஸ்டின் சன் கிம் 2018-ல் கரிக்கோட்டில் வரைந்தே வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்