குன்னூரிலும் மனாங்கிலும் எனக்காக விழித்திருந்தவர்களுக்கு

அன்புள்ள குன்னூர் மக்களுக்கு வணக்கம்.

நேபாளத்தில் முக்திநாத்துக்கு நடந்து போகும் வழியில், மனாங்குக்கு மேலே தோரோங் ஃபெடி என்ற இடத்தில், உயரத்தில் வருகிற நோய் தாக்கி நான் சுயநினைவில்லாமல் கிடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. காத்மாண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. ஆனால் நுரையீரலில் நீர் இல்லை, தலையும் தெளிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் வந்து நின்று சொல்ல வேண்டிய நன்றி இது. அதற்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை, காத்திருக்க மனசு இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒருவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மவுண்ட் ரோட்டுக்குக் கீழே, நாங்கள் வர்க்கி வாங்கும் பேக்கரியில் ராத்திரி வேலை பார்க்கும் தம்பி. "பேரு போட வேணாம் டீச்சரக்கா" என்று கேட்டுக்கொண்டான், போடவில்லை. உங்களில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியும். நேபாளத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் அச்சாம் மாவட்டத்துக்காரன். மனாங் பக்கம் அவன் போனதே இல்லை. தமிழை நம் ஊர் மாவு மேஜையில் நின்றுதான் கற்றுக்கொண்டான்.

அன்று ராத்திரி தோரோங் ஃபெடியில் லாட்ஜ் நடத்தும் அம்மா மட்டும்தான் என் பக்கத்தில் இருந்தார். வழிகாட்டி ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டு அடுத்த லாட்ஜுக்கு ஓடியிருந்தார். அந்த அம்மாவுக்கு நேபாளியும் மனாங் பேச்சும்தான் தெரியும். வழி நெடுக எல்லோரிடமும் இந்தியிலோ இங்கிலீஷிலோ பேசிக்கொண்டு போன எனக்கு, அன்று சாயந்திரத்திலிருந்து தமிழைத் தவிர வேறு எதுவும் வரவில்லையாம். அதுவும் திக்காமல் திணறாமல், நிதானமாகப் பேசியிருக்கிறேன். நான் சாமி கும்பிடுவதாகத்தான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. என் விரலையே வைத்து அழுத்திப் போனைத் திறந்து, கடைசியாகப் பேசிய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

ஓட்டுப்பட்டறையில் எடுத்தது என் அண்ணன். அண்ணனுக்கு இந்தியே தெரியாது, நேபாளிக்கு எங்கே போவார்? என் பெயரும் பின்னால் என் குரலும் மட்டும் புரிந்திருக்கிறது. ஸ்வெட்டர் கூடப் போடாமல், போனை வைக்காமல், அப்படியே படி இறங்கி ஓடியிருக்கிறார். அந்நேரத்துக்கு விளக்கு எரிந்தது அந்த பேக்கரியில் மட்டும்தான். வர்க்கி ராத்திரியில்தானே அடுப்புக்குப் போகிறது.

தம்பியின் கை முழுக்க மைதா. துடைக்கக் கூட நிற்காமல் போனை வாங்கினான். அண்ணனின் அந்தப் போன் இப்போது இந்த மேஜையில்தான் இருக்கிறது. கீழ்ப்பக்க ஸ்பீக்கர் ஓட்டைகளில் மாவு காய்ந்து அடைத்திருக்கிறது, ஓரத்தில் டால்டா பட்ட கட்டைவிரல் தடம். அண்ணன் குண்டூசியால் மாவை எடுக்கப் போனார், வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவன் செய்தது எவ்வளவு பெரிய உதவி என்று புரிய வேண்டுமானால், அந்த நேரத்தில் அங்கே இருந்த குழப்பத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரத்தில் வருகிற நோயில் வெறும் தலைவலி, குமட்டல் என்றால் மேலே ஏறாமல் அங்கேயே தங்கிப் பார்க்கலாம். மூளையில் நீர் கோத்துவிட்டால் அப்படி இருக்க முடியாது. நடை தள்ளாடும், புத்தி பிசகும், அப்புறம் மயக்கம். அந்த நிலையில் விடியும் வரை கூடக் காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும். ஒரு கால் குதியை மறு கால் விரலோடு ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். எனக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. அது களைப்பா, மூளையா என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியே பனி. ஃபெடிக்குக் கீழே மண் சரியும் பாதை. அதில் இருட்டில் ஓர் ஆளைச் சுமந்துகொண்டு இறங்குவது சுமக்கிறவர்களின் உயிருக்கும் ஆபத்து. விடியட்டும் என்று அவர்கள் யோசித்ததில் நியாயம் இருக்கிறது. பேச்சு தெளிவாக இருக்கிறதா, பிதற்றலா என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நான் பேசுவதோ தமிழ்.

தம்பி போனில் என்னிடம் கேள்வி கேட்டான். அவனுக்கு விடை தெரிந்த கேள்விகளாகப் பார்த்துக் கேட்டான். இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"டீச்சரக்கா, நான் யாரு?"

"தினம் எத்தனை வர்க்கி வாங்குவீங்க?"

"அம்மாவுக்கு எப்படி வேணும், முறுகலாவா, மெதுவாவா?"

எல்லாவற்றுக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறேன். "பெல் அடிச்சாச்சு, பிள்ளைங்களை வரிசையில நிக்கச் சொல்லு, மழை வருது." வார்த்தை சுத்தமாக இருந்ததாம், பொருள்தான் இல்லை. அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். தம்பி அழவில்லை. அந்த அம்மாவிடம் நேபாளியில் சொன்னான்: இந்த அக்கா பேசுவது சரியில்லை, நான் தினமும் இவர்களோடு பேசுகிறவன், எனக்குத் தெரியும், விடியும் வரைக்கும் வைக்காதீர்கள், இப்போதே இறக்குங்கள். வழிகாட்டி சிலிண்டரோடு திரும்பி வந்ததும் அவரிடமும் அதையே சொன்னான். பாதை மோசம் என்று அவர் தயங்கியபோது கெஞ்சினான். கடைசியில் ஆள் திரட்டிவிட்டார்கள்.

இறங்குகிற வழியில் சிக்னல் இருந்த வரைக்கும் அவன் வைக்கவில்லை. டோக்கோ என்று சொல்லும் அந்த மூங்கில் கூடையில் என்னை உட்கார வைத்து, நெற்றிப் பட்டையில் பாரத்தை வாங்கி, ஆள் மாற்றி ஆள் சுமந்திருக்கிறார்கள். போன் என் மப்ளருக்குள். அந்த ராத்திரியில் எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான். "டீச்சரக்கா, டீச்சரக்கா" என்று நம் ஊர்த் தமிழில் ஒரு குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. குன்னூரில்தான் இருக்கிறேன் என்று நம்பினேன். அதனால் எனக்குப் பயமே இருக்கவில்லை.

மனாங்கில் கண் விழித்த பிறகு வழிகாட்டி கேட்டார்: "உங்கள் தம்பி இந்தியாவில் எங்கே வளர்ந்தார்? நேபாளி எங்களைப் போலவே பேசுகிறாரே." எனக்குத் தம்பியே கிடையாது. லாட்ஜ் அம்மா, நீ யாரப்பா என்று கேட்டபோது, என் சொந்த அக்கா என்று சொல்லியிருக்கிறான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஊருக்கு வந்ததும் கேட்டேன். "கடைக்கு வர்ற கஸ்டமர்னு சொன்னா அந்த ராத்திரில கூடை தூக்குவாங்களாக்கா?" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "சும்மாவும் சொல்லலை" என்றான்.

இதற்கு நன்றி என்று எழுதினால் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறேன். நன்றி, தம்பி.

அன்று அடுப்பில் இருந்த தட்டுகளெல்லாம் கருகிப் போயின. காலையில் கடைக்கு வர்க்கி இல்லை. அவன் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்காத முதலாளிக்கும், வெறும் பிரெட்டை வாங்கிக்கொண்டு முகம் சுளிக்காமல் போனவர்களுக்கும் நன்றி.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் எழுதத் தொடங்கினால் முடியாது. போனை எடுக்கத் தோன்றிய லாட்ஜ் அம்மாவுக்கும், உயிரைப் பணயம் வைத்து என்னைச் சுமந்தவர்களுக்கும், கையை விடாமல் கூடவே நடந்த வழிகாட்டிக்கும் என் வணக்கம். மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சின்ன மருத்துவ நிலையத்தின் டாக்டர்களுக்கும். 1973-இல் தொடங்கிய அமைப்பு அது. எங்கெங்கிருந்தோ டாக்டர்கள் தொண்டாக வந்து, மலையேற்றப் பருவத்தில் அந்த உயரத்தில் தங்கியிருக்கிறார்கள். ஆக்சிஜனும் டெக்ஸாமெத்தசோன் ஊசியும் கொடுத்து என்னை ஹெலிகாப்டர் வரும் வரை தாக்குப் பிடிக்க வைத்தவர்கள் அவர்கள்தான். இங்கே நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்கு முன்பணம் அனுப்பிய என் பள்ளி ஆசிரியைகள், அண்ணனைக் கோவை விமான நிலையம் வரை கொண்டுபோய் விட்டுக் காசு வாங்காமல் திரும்பிய ஸ்டாண்டுக்காரர், அம்மாவைத் தனியாகத் தூங்க விடாத பக்கத்து வீட்டு அக்கா, தந்தி மாரியம்மனுக்கும் ஹெத்தை அம்மனுக்கும் வேண்டிக்கொண்டவர்கள், சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள், தர்காவில் துவா செய்தவர்கள், "மிஸ் எப்ப வருவீங்க" என்று நோட்டுத் தாளைக் கிழித்து எழுதி அனுப்பிய என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். உங்கள் ஒருவரையும் மறக்கவில்லை.

படுக்கையில் கிடந்தபடி நிறைய யோசித்தேன். தொட்டபெட்டா 2,637 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர். பிறந்ததிலிருந்து மலையில் இருக்கிறோம், நமக்கென்ன என்றுதான் நம் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். தோரோங் ஃபெடி ஏறத்தாழ 4,500 மீட்டர். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். 3,540 மீட்டரில் இருக்கும் மனாங்கில் தங்கி உடம்பைப் பழக்கினேன், மெதுவாக ஏறினேன், தண்ணீர் குடித்தேன். ஆனாலும் வந்தது. திடகாத்திரமானவருக்கும் வரும், யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து நிறையப் பெரியவர்கள் முக்திநாத் போகிறார்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம். அம்மாவுக்காக 5,416 மீட்டர் தோரோங் லா கணவாயைத் தாண்டி, நடந்தே போய் அந்த 108 தாரைகளில் நனைய வேண்டும் என்றுதான் நானும் கிளம்பினேன். பெரியவர்கள் நடப்பதில்லை, பொக்காராவில் விமானம் ஏறி ஜோம்சோமில் இறங்கி, அன்றைக்கே ஜீப்பில் முக்திநாத் போய்விடுகிறார்கள். சுமார் 800 மீட்டரிலிருந்து கிட்டத்தட்ட 3,800 மீட்டருக்கு ஒரே நாளில். தயவுசெய்து வழியில் ஒரு ராத்திரியாவது தங்கிப் போகச் சொல்லுங்கள். தலைவலி வந்தால் டீ குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்ல விடாதீர்கள். தள்ளாடினால், பேச்சு மாறினால், சாமி அப்புறம், முதலில் இறக்குங்கள். போகிறவர்கள் எந்த நேரமும் என் வீட்டுக்கு வந்து கேட்கலாம்.

அப்புறம் ஒரு விஷயம். தம்பிக்கு அச்சாமில் ஒரு அக்கா இருக்கிறார். அவரைப் பார்த்து வருஷங்களாகிவிட்டன என்று அவன் சொன்னபோதுதான் எனக்கு இது தோன்றியது. நமக்குத் தீபாவளி வரும் சமயத்தில் அவர்களுக்குத் தீஹார். அதன் கடைசி நாளில் அக்கா தங்கைகள் உடன்பிறந்தவனை உட்கார வைத்து, நெற்றியில் ஏழு நிறத்தில் திலகம் இட்டு, மாலை போட்டு, இனிப்பு கொடுப்பார்கள். இந்தத் தீபாவளிக்கு அது எங்கள் வீட்டில் நடக்கும். நான் இருக்கிற வரைக்கும், அவன் குன்னூரில் இருக்கிற ஒவ்வொரு வருஷமும் நடக்கும். அவன் அக்காவிடம் வீடியோ காலில் அனுமதி கேட்டுவிட்டேன், முறையையும் அவரே சொல்லித் தருகிறார். மாலைக்கு வாடாமல்லிதான் வேண்டுமாம், செண்டுமல்லியும் சேர்க்கலாமாம். இங்கே மார்க்கெட்டில் வாடாமல்லி சரியாகக் கிடைப்பதில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் மேட்டுப்பாளையமோ கோவையோ கீழே போகிறவர்கள் யாராவது இருந்தால் அண்ணனிடம் சொல்லி வையுங்கள். அரைக் கிலோ போதும்.

அன்புடன்,
ஓட்டுப்பட்டறை டீச்சர்