அறிவிப்புப் பலகையில் எங்கள் வீட்டுப் பெண்கள்

மதிப்பிற்குரிய ஒன்றியச் சட்டம் மற்றும் நீதித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெவ்வேறு மதத்தவர் மதம் மாறாமல் மணந்துகொள்ள வழிசெய்யும் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில், மணம் செய்ய விரும்புவோரின் விவரங்களைத் திருமணப் பதிவு அலுவலகத்தில் 30 நாள்கள் ஊரறிய ஒட்டி வைக்கச் சொல்லும் பிரிவை நீக்கித் தருமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவள் அல்லள்; அப்படி ஒட்டப்பட்ட தாள்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் இருவரின் பெயரைப் படித்தவள்.

எங்கள் அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்) 1956இல், பத்தொன்பது வயதில், வேறு சாதிக்காரரான தாத்தாவைச் சுயமரியாதை முறையில் மணந்தார். இரண்டு மாலைகள், ஓர் உறுதிமொழி, அவ்வளவுதான். (தாலி பிறகு அம்மாயியின் ஆசைக்காக வந்தது, தாத்தா முகம் சுளித்தாராம்.) அத்தகைய மணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1950களில் சொல்லியிருந்ததால், பங்காளிகள் அவரை மனைவி என்று ஒப்பவில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் இத்தகைய மணத்தை ஏற்கும் 7ஏ பிரிவைத் தமிழ்நாடு சேர்த்து, முன்பு நடந்த மணங்களுக்கும் அது பொருந்தும் என்று 1968இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, அந்தச் செய்தித்தாளை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த மணத்துக்கு முன்னறிவிப்பு தேவையில்லை. குடும்ப எதிர்ப்புக்கும் உயிருக்கும் அஞ்சுவோர் இம்மணத்தைப் பகிரங்கமாக நடத்தாமல் இருக்கலாம் என்பதை 2023இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் அந்த வழி.

சித்திக்கு அது இல்லை. கணவரை இழந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2014இல், ஐம்பத்திரண்டு வயதில், உடன் பணியாற்றிய கிறித்தவர் ஒருவரை மணக்க முடிவு செய்தார். வெளியூரில் வேலை பார்த்த மகன் பொங்கலுக்கு வரும்போது பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்று, எதிலிருந்து தொடங்குவது என்பதைக்கூட என்னிடம் ஒத்திகை பார்த்திருந்தார். அதற்குள், பெயருக்கு நேரே ‘விதவை’ என்றும், அதன்கீழ் வயதும் வீட்டு முகவரியும் எழுதியிருந்த தாளை யாரோ படமெடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் மறுப்பு ஏதும் சொல்லவில்லை. நான்கு மாதம் அம்மாவை அழைக்கவில்லை. தன் வாயால் சொல்லும் உரிமையைப் பறிகொடுத்ததைத்தான் சித்தியால் இன்றும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

என் மகள் 2022இல் ஓர் இசுலாமிய இளைஞரை மணக்க விண்ணப்பித்தாள். முத்திரைத்தாள் கட்டண அட்டவணைக்குப் பக்கத்தில் நான்கு குண்டூசிகளால் அவளது அறிவிப்பு குத்தப்பட்டிருந்தது. பன்னிரண்டாம் நாள், எங்களுக்கு முன்பின் தெரியாத மூவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். வயது, சம்மதம், ஏற்கெனவே உள்ள துணை, நெருங்கிய உறவுமுறை போன்ற 4ஆவது பிரிவின் நிபந்தனைகள் மீறப்பட்டால் மட்டுமே ஆட்சேபிக்கலாம் என்கிறது சட்டம். எழுத்தில் ஆட்சேபணை தர அவர்களிடம் எதுவும் இல்லை, தரவும் இல்லை. ஆனாலும் மீதிப் பதினெட்டு நாள்களும் அவள் தோழியின் அறையில் ஒளிந்திருந்தாள். துணைக்குப் போன அம்மாயி, “எனக்குக் கல்யாணம் ஆனதே மறுநாள்தான்டி ஊருக்குத் தெரிஞ்சது” என்று அவளிடம் சொன்னாராம்.

மோசடியைத் தடுக்கவே அறிவிப்பு என்பது உண்மையானால், வயதையும் முந்தைய மணத்தையும் ஆவணங்களைக் கொண்டு அலுவலரே சரிபார்க்கலாம். மூன்று சாட்சிகளோடு கையொப்பமிட்ட உறுதிமொழியையும் இதே சட்டம் வாங்கிக்கொள்கிறது. அறிவிப்புகளை இணையத்தில் ஏற்றுவதைக் கேரளம் 2020இல் நிறுத்தியது. வெளியிடுவதா வேண்டாமா என்பது மணமக்கள் விருப்பம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் வரி அப்படியே இருக்கும்வரை, பலகையில் குண்டூசி குத்தும் அலுவலரைக் குறை சொல்ல முடியாது.

எனவே அறிவிப்பையும் ஆட்சேபணையையும் பற்றிய 6, 7ஆவது பிரிவுகளை நீக்கும் திருத்த மசோதாவைத் தாங்கள் கொண்டுவர வேண்டும். அதற்குக் காலமாகும் என்றால், முகவரியும் மணநிலையும் பொதுப் பார்வைக்கு வராதபடி முதலில் செய்து தாருங்கள். என் இளைய மகளுக்கு இருபத்திரண்டு வயது. தனக்கும் அந்த அலுவலகம்தான் என்று போன வாரம் சொன்னாள். பையனின் பெயரை இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
திருச்சி மாவட்டத்துப் பெண் ஒருத்தி