முறைப்பாடு: "இணையம் தேவையில்லை" என்று விற்ற இன்ஸ்டோலர் இணையத்தைத் தேடுவது பற்றி

அக்கரைப்பற்று

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா / அம்மணி,

உங்கள் நெல் களஞ்சியக் கணக்கு மென்பொருளின் லினக்ஸ் இன்ஸ்டோலர் குறித்து இது நான்காவது கடிதம். முந்திய மூன்றுக்கும் தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது.

எங்கள் ஆலைச் சேர்வருக்கு இணைய இணைப்பு இல்லை, கொடுக்கவும் மாட்டோம். உங்கள் விலைப்பட்டியலிலும் 'ஒஃப்லைன் பதிப்பு' என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த 'முன்தேவைகள்' கட்டத்தில் செட்டப் ஸ்கிரிப்ட் டிஎன்எஃப் (மென்பொருள் நிறுவும் கட்டளை) வழியாக வெளி மிரரை, அதாவது இணையத்திலுள்ள மென்பொருள் களஞ்சியத்தை, தேடிக்கொண்டு கிடக்கிறது. கிடைக்காமல் தோற்ற பிறகாவது நிற்கிறதா? ஸ்கிரிப்டின் தலையில், பிழை வந்ததும் நிறுத்தும் 'செட் -ஈ' கட்டளை இல்லை. பாதியை நிறுவிவிட்டு 'வெற்றிகரமாக முடிந்தது' என்று காட்டுகிறது. இது பிழையா, பகிடியா?

இதைக் கேட்டதற்கு உங்கள் உதவி இலக்கத்தில் பேசியவர் சொன்ன பதில்: "ஃபைல நோட்பேட்ல திறந்து அந்த வரிய அழிச்சு சேவ் பண்ணுங்க. இதுகூடத் தெரியாம ஏன் லினக்ஸ் வெச்சிருக்கீங்க?" தயவுசெய்து அவருக்கு யாராவது சொல்லிக் கொடுங்கள். இணையத்தைத் தேடும் அந்த வரி இருப்பது கோப்பின் பின்பகுதியிலுள்ள சுருக்கிய பொதிக்குள்ளே, நோட்பேடில் அது கண்ணுக்கே படாது. மேலே தெரிவது பொதியை விரிக்கும் சில நூறு வரி ஷெல் தலைப்பு. அதில் ஒரு வரியை எடுத்தாலும், பொதி தொடங்கும் இடம் வரி எண்ணால் குறிக்கப்பட்டிருப்பதால், பொதியைப் பிரித்தெடுக்கும் இடம் தவறிப்போகும். நோட்பேடில் சேவ் செய்தால் பைனரிப் பகுதியே சிதைந்துவிடும். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இருந்த கோப்பும் போயிருக்கும்.

பிறகு, "திருத்திய கோப்பு கொழும்பு அலுவலகத்தில் இருக்கிறது, வந்து எடுங்கள்" என்றார்கள். இரவு பஸ்ஸில் ஆள் போய்ப் பென் டிரைவில் கொண்டுவந்தார். பழையதோடு ஒப்பிட்டால் இரண்டின் ஷா-256 பெறுமானமும் (கோப்பின் கைரேகை போன்றது) கடைசி எழுத்து வரை ஒன்றே! ஒரு பைட்கூட மாறாத கோப்புக்கு இரண்டு இரவு.

மரியாதையாகவே கேட்கிறோம், அனுப்பும் முன் யாராவது ஓட்டிப் பார்த்தீர்களா? டெம்ப் (தற்காலிக) அடைவில் எந்த நிரலும் ஓடாதபடி நோஎக்செக் போட்டு மவுண்ட் செய்த சேர்வரில் உங்கள் பொதி விரியும், ஆனால் உள்ளிருக்கும் செட்டப் 'அனுமதி மறுப்பு' என்று நின்றுவிடும். பொதி விரியும் இடத்தை மாற்றும் டார்கெட் தெரிவால் வேறு அடைவு கொடுத்துத்தான் தாண்டினோம். உங்கள் கையேட்டில் அது ஒரு வரிகூட இல்லை. அதையும் தாண்டினால் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகம்) 2.34 வேண்டுமாம். எங்களிடம் இருப்பது ரொக்கி லினக்ஸ் 8, அதில் 2.28. ரொக்கி 8 உங்கள் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறது. புதிய உபுண்டு லினக்ஸில் பில்ட் செய்து (நிரலை உருவாக்கி) பழைய சேர்வருக்கு அனுப்பினால் இப்படித்தான் ஆகும்.

அறுவடைக் காலத்தில் தராசுச் சீட்டுகளைக் கையால் எழுதுகிறோம். ஒரு போகமே உங்களால் நாசம்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. ரொக்கி 8 இலேயே பில்ட் செய்யுங்கள். ஆர்பிஎம்களை (முன்தேவை மென்பொருள் பொதிகளை) டிஎன்எஃப்பால் இறக்கும்போது 'ரிசோல்வ்' தெரிவு மட்டும் போதாது, பில்ட் இயந்திரத்தில் ஏற்கெனவே இருப்பவற்றை அது விட்டுவிடும். எல்லா முன்தேவைகளையும் எடுக்கும் 'ஓல்டெப்ஸ்' தெரிவையும் சேர்த்து இறக்கிப் பொதிக்குள்ளேயே வையுங்கள். கோப்பு 4.6 ஜிபி, ஃபெட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. ஆகவே 2 ஜிபித் துண்டுகளாகப் பிரித்து, ஷா-256 பட்டியலோடு கூரியரில் அனுப்புங்கள். இனி எங்கள் ஆள் கொழும்புக்கு வரமாட்டார்.

14 நாட்களுக்குள் இது நடக்காவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். தவறினால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு போகும். நோட்பேட் ஆலோசனையின் ஒலிப்பதிவும் கூடவே போகும்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்