அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

வணக்கம்.

2022 முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அப்பா உள்ளறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜூன் மாதத்தில், இந்த டிசம்பரை அவர் பார்ப்பார் என்று எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. அவர் இன்று இருப்பதற்குக் காரணமானவர்களில் சிலருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். சிலருடைய முகம் மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. புதனும் சனியும் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம். ஒரு நாள் தவறினாலே கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தபோது அதன் அர்த்தம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கையில் டொலர் இல்லாத நாட்டுக்குப் பெற்றோலும் வராது, மருந்தும் வராது என்று பிறகுதான் விளங்கியது. நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறோம்.

முதல் நன்றி, எங்கள் மாடிப் படிகளில் அப்பாவைத் தூக்கிய தம்பிமாருக்கு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். லிஃப்ட் இல்லை. பிளாஸ்டிக் கதிரையில் அப்பாவை இருத்தி, ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் பிடித்து இறக்குவீர்கள். ஒவ்வொரு மாடியிலும் கதிரையை வைத்து மூச்சு விட்டுவிட்டு, "அங்கிள், ஓகேயா?" என்று கேட்பீர்கள். ஒருநாள் கதிரையின் கால் ஒன்று வெடித்துவிட்டது. அடுத்த புதன்கிழமை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து மரக்கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் கண்கலங்குவார்.

அப்புறம், கீழ்மாடி ஆட்டோ அண்ணை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. வருடம் பிறந்தபோது லீற்றர் 177 ரூபாய்க்கு விற்ற பெற்றோல், ஜூன் 26ஆம் திகதி 470 ஆனது. அடுத்த நாளே, அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். அதற்கு முந்திய இரண்டு நாள் லைனில் கிடந்து பிடித்த பெற்றோல் உங்கள் டாங்கில் இருந்தது. அதை வைத்து ஹயர் ஓடியிருந்தால் கேட்ட காசு கிடைத்திருக்கும். நீங்கள் ஆட்டோவை மூடிக் கட்டிவிட்டு, "இது ஐயாவின் பெற்றோல்" என்றீர்கள். அந்த நாட்களில் உங்கள் வீடு அக்கா விற்ற இடியப்பத்தில்தான் ஓடியது. சமையல் காஸும் இல்லை, மொட்டை மாடியில் மூன்று கல் வைத்து, சிரட்டை எரித்து, விடியற்காலை மூன்று மணிக்கே அவித்தார். அக்கா, அந்தப் புகையில் உங்கள் கண் சிவந்திருந்ததை ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அப்படியிருந்தும் டயாலிசிஸ் நாட்களில் அப்பாவுக்கென்று நாலு இடியப்பம் தனியாக வரும்.

ஜூலை 9, சனிக்கிழமை. ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த அதே நாள். கோட்டைப் பக்கம் போகும் கூட்டத்தில் மருதானையில் எங்கள் ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னும் போக முடியாது, பின்னும் திரும்ப முடியாது. கொடி போர்த்திய ஒரு பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். அப்பாவின் கையில் ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தவன், வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பிச் சிங்களத்தில் உரக்கக் கத்தினான். கத்தக் கத்தச் சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. சந்தி வரைக்கும் ஆட்டோவின் முன்னால் ஓடி வந்து வழி எடுத்துக் கொடுத்தான். தம்பி, நீ யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்த புதன், 13ஆம் திகதி, ஜனாதிபதி நாட்டை விட்டே போய்விட்டார். ஊரடங்கு போட்டார்கள். கிளினிக் கொப்பியைப் பார்த்ததும் ஒரு சொல் பேசாமல் தடையை இழுத்து வழிவிட்ட இராணுவச் சிப்பாய்க்கும் நன்றி.

வார்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு. எழுதித் தந்த ஊசியைத் தேடிப் பாமசி பாமசியாக அலைந்தேன். ஒரு கடைக்காரர் தன்னிடம் இல்லையென்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, ஏழெட்டு இடங்களுக்குப் போன் எடுத்து விசாரித்துத் தந்தார். பஸ் இல்லாத நாளிலும் சைக்கிளிலும் நடையிலுமாக வேலைக்கு வந்த தாதி மிஸ்ஸிமாரும், கழிவறை கழுவிய தொழிலாளரும் இந்த மடலில் கட்டாயம் இருக்க வேண்டியவர்கள்.

மலையகத்தில், ஹற்றனில் இருக்கும் பெரியம்மாவும் தன் நன்றியைச் சேர்த்து எழுதச் சொன்னார். மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பலில் 9,000 தொன் அரிசியும் பால்மாவும் மருந்தும் வந்தன அல்லவா, தமிழ்நாட்டு மக்கள் கொடுத்தனுப்பியவை. அந்த அரிசியில் ஒரு பை அவர்களின் தோட்டத்து லயத்துக்கும் போனது. முதல் பிடி அரிசியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் உலை வைத்தாராம்.

ஆகஸ்டில், எரிபொருளை அளவாகப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தது. ஆட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர்தான் என்றாலும், இவ்வளவு கிடைக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்ததே பெரிய ஆறுதல்.

கடைசியாக, ஜூன் மாதப் பெற்றோல் லைனில் எங்களுக்கு முன்னால் ஆட்டோ வைத்திருந்த பெரியவருக்கு. அண்ணை வீட்டுக்குத் தூங்கப் போயிருந்தார், அவருக்குப் பதிலாக நான் காவல். நல்ல மழை. வீட்டிலிருந்து போன் வந்தது, அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று. நான் லைனையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்க, நீங்கள் உங்கள் குடையை என் கையில் திணித்து, "துவே, கிஹின் எண்ட, மம இன்னவா" என்று சிங்களத்தில் சொன்னீர்கள். மகளே, போய்விட்டு வா, நான் இருக்கிறேன். நான் வர முடியவில்லை. அண்ணை திரும்பிப் போய்ப் பார்த்தபோது எங்கள் ஆட்டோ பதினைந்து வண்டி முன்னால் நகர்ந்திருந்தது. நனைந்து நனைந்து உங்கள் வண்டியையும் தள்ளி, பின்னால் வந்து எங்களுடையதையும் தள்ளியிருக்கிறீர்கள்.

மரப்பிடி போட்ட அந்தக் கறுப்புக் குடை எங்கள் வாசலில் தொங்குகிறது. ஒரு கம்பி வளைந்திருந்தது, நேராக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பெற்றோல் ஷெட் பக்கம் போகும்போதெல்லாம், மழை இல்லாவிட்டாலும், அதை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.