கண்ணாடிக்கு மேல பாக்கணும்ப்பா

அப்பா,

நல்லாருக்கீங்களா, அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா. போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல என் பைக்கக் காட்டினப்ப நீங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டீங்க, "நல்லா இருந்த முன்கண்ணாடிய ஏம்மா அறுத்த"ன்னு, நான் பதில் சொல்ல வாயத் தொறக்கவும் லைன் கட்டாகவும் சரியா இருந்துச்சு. போன்ல கத்திக் கத்திச் சொல்றதுக்கு எழுதியே அனுப்பிருவோம்னு உக்காந்துட்டேன். நாப்பது வருஷம் ஒர்க்‌ஷாப் வச்சிருந்த மனுஷனுக்கு ரெண்டு வார்த்தைல பதில் சொல்லி முடிக்க எனக்கும் மனசு வரல. தம்பியப் பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லுங்க.

மொதல்ல இங்க ஸ்காட்லாந்து மழையச் சொல்லுதேன், அது புரிஞ்சாதான் கண்ணாடி புரியும். சென்னைல வருஷத்துக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யுது, கிளாஸ்கோல அதைவிடக் கொஞ்சம் கம்மிதான், நானே மொதல்ல நம்பல. ஆனா சென்னைல அம்பது அறுபது நாள்ல கொட்டித் தீத்துட்டுப் போயிரும், இங்க வருஷத்துல 170 நாளைக்குப் பிரிச்சுப் பிரிச்சுத் தெளிச்சுக்கிட்டே இருக்கும். நம்ம குத்தாலச் சாரல் இருக்குல்ல, ஆனி ஆடில புளியரைப் பக்கம் இருந்து காத்தோட வந்து மூஞ்சில விழுமே, அதே சாரல்தான், ஆனா விரல் மரத்துப்போற குளிரோட வரும். ஸ்காட்லாந்துக்காரங்க அதுக்கு ஸ்மிர்னு ஒரு பேரு வச்சிருக்காங்க. நம்மள மாதிரியே சாரலுக்குன்னு தனியா ஒரு சொல்லு வச்சிருக்கிற ஊருக்குத்தான் வந்து சேந்திருக்கேன்னு தெரிஞ்ச அன்னைக்குதான் இந்த ஊரு எனக்குக் கொஞ்சம் ஒட்டுச்சு.

இதுல ஒரு கணக்கு இருக்குப்பா. ஐப்பசி மழைல விழுற பெரிய துளி வினாடிக்கு 9 மீட்டர் பக்கம் எறங்கும், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். நீங்க டிவிஎஸ் 50ல முப்பதுல போனீங்கன்னா அந்த மழை பாதி மேல இருந்து பாதி முன்னால இருந்து சாய்வா வரும், எவ்வளவு பெரிய கண்ணாடி போட்ட சேட்டக் ஸ்கூட்டர்லயும் தொடையும் தோளும் நனையத்தான் செய்யும், நீங்க கஸ்டமர்கிட்ட "கண்ணாடி குடை இல்லண்ணே"ன்னு சொல்லுவீங்கல்ல, அது இதுதான். சாரல் துளி அப்படி இல்ல, ஒரு மில்லிமீட்டர் துளி வினாடிக்கு 4 மீட்டர்தான் எறங்கும், அதைவிடப் பொடிசு இன்னும் மெதுவா. நான் இங்க மலை ரோட்டுல 60 மைல்ல, நம்ம கணக்குக்கு 96 கிலோமீட்டர்ல போறேன், அந்த வேகத்துல அந்த மழைக்கு மேலயும் கிடையாது கீழயும் கிடையாது, நேர் எதுத்தாப்புல இருந்துதான் வரும். அதனால இங்க தூரம் போற டூரிங் வண்டிக்குக் கண்ணாடிங்கிறது அலங்காரம் இல்ல, நெஞ்சு நனைஞ்சு அதுமேல குளிர்காத்து அடிச்சா ஒரு மணி நேரத்துல கை பிரேக்கைப் பிடிக்காது.

வண்டி ஹோண்டா டோவில், 2008 மாடல், 680 சிசி வி ட்வின், செயின் கிடையாது ஷாஃப்ட்தான், ரெண்டு பக்கப் பெட்டியும் பாடியோடயே சேந்தது. முன்னாடி வச்சிருந்தவரு ஆறடிக்கு மேல இருப்பாரு, அவர் கம்பெனி கண்ணாடியக் கழட்டிட்டு வெளில வாங்கின ஒரு உயரமான கண்ணாடியப் போட்டிருந்தாரு, பழசு எங்கன்னு கேட்டேன், தூக்கிப் போட்டாச்சாம். கம்பெனி கண்ணாடின்னா அஞ்சு நெலைல ஏத்தி எறக்கிக்கலாம், இது ஒரே நெலைதான். நான் அஞ்சடி மூணங்குலம். உக்காந்து பாத்தா என் நெத்திக்கும் மேல நிக்குது. மழை பெய்யுற ஊருக்கு உயரமா இருந்தா நல்லதுதானேன்னு சந்தோஷப்பட்டேன், வெயில் நாள்ல ஓட்டறப்ப ஒண்ணும் தெரியவும் இல்ல.

அது தெரிஞ்சது அக்டோபர்ல ஒரு சாயங்காலம். ஏ82ன்னு ஒரு ரோடு, கிளாஸ்கோல இருந்து லாக் லோமண்ட் ஏரிக்கரையோடயே போயி, டைன்ட்ரம்னு ஒரு சின்ன ஊரத் தாண்டி, ரானக் மூர்னு ஒரு பெரிய வெட்டவெளில ஏறி, க்ளென்கோ பள்ளத்தாக்குல எறங்கும். ரானக் மூர்ல சேறும் குட்டையும் பாறையும் மட்டும்தான், காத்தத் தடுக்க ஒரு மரம் வாய்க்காது. அங்க வச்சு சாரல் பிடிச்சுக்கிச்சு, வெளிச்சமும் எறங்கிருச்சு. அப்பதான் என் கண்ணுக்கும் ரோட்டுக்கும் நடுவுல எத்தனை அடுக்குன்னு எண்ணிப் பாத்தேன். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் துளி, உள்பக்கமும் துளி, அப்புறம் ஹெல்மெட் கண்ணாடில வெளிய துளி, உள்ள என் மூச்சு ஆவி. எதுக்க ஒரு லாரி லைட்டப் போட்டுட்டு வரவும் நாலு அடுக்குலயும் வெளிச்சம் செதறி ஒரே வெள்ளையாப் போச்சு, ரோட்டு ஓரக்கோடு எங்க இருக்குன்னு தெரியல, ஒரு ரெண்டு மூணு வினாடி கண்ணில்லாமதான் ஓட்டிருக்கேன். கார்னா வைப்பர் இருக்கு, பைக் கண்ணாடிக்கு எங்க போவேன். ரோட்டோரம் வண்டி ஒதுங்குற எடம் வந்ததும் நிறுத்திட்டு கால் நடுக்கம் நிக்கிற வரைக்கும் நின்னேன். அம்மாகிட்ட இந்தப் பாராவ வாசிச்சுக் காட்ட வேண்டாம்.

கண்ணாடிக்கு உள்பக்கம் எப்படி நனையும்னு நீங்க கேப்பீங்க, நானும் அதத்தான் கேட்டேன். சித்தாத்துல பாறைக்குப் பின்னால தண்ணி சுழிச்சுக்கிட்டுத் திரும்பி வரும்ல, செத்தையெல்லாம் மேல் பக்கமா ஏறி வந்து பாறைல ஒட்டுமே, காத்தும் அப்படித்தான். கண்ணாடி உயரமா அகலமா ஆக ஆக அதுக்குப் பின்னால அழுத்தம் கொறஞ்சு பின்பக்கத்துக் காத்தை இழுத்துக்கும், முதுக யாரோ முன்னால தள்ளுற மாதிரியே இருக்கும், அந்தக் காத்தோட சாரலும் சுத்தி வந்து உள்பக்கம் ஒட்டிக்கும், நெஞ்சு காஞ்சிருக்கும், முதுகு நனைஞ்சிருக்கும். பெரிய துளின்னா அதுக்குக் கனம் இருக்கு, போன போக்குல போயிரும், பொடிசுதான் காத்து எங்க இழுத்தாலும் கூடவே போகும். அதனாலதான் நல்ல டூரிங் வண்டில கண்ணாடிக்கு அடில ஒரு சந்து விட்டிருப்பாங்க, அதுவழியா கொஞ்சம் காத்து உள்ள வந்தா அந்த இழுப்பு கொறையும். பாதுகாப்புக்காக ஓட்டைய அடைக்கணும்னு நெனைக்கிற எடத்துல ஓட்டைய விடணும்ங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்ப்பா.

1976லயே பிஎம்டபிள்யூக்காரங்க ஆர்100 ஆர்எஸ்ங்கிற வண்டிக்கு விண்ட் டனல்ல வச்சுக் காத்தை விட்டுப் பாத்து முழு ஃபேரிங், அதாவது காத்தத் தடுக்கிற முன்பக்க மூடி, செஞ்சாங்க, இப்ப அவங்க ஆர்டிங்கிற டூரிங் வண்டில கண்ணாடி பட்டன அமுக்கினா ஏறி எறங்குது, கூட வேலை பாக்கிறவர்கிட்ட ஒண்ணு இருக்கு. எனக்கு அந்த அளவுக்கு வசதி வரல, வந்தாலும் இத விட மாட்டேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எழுவது வயசு, இன்னமும் பைக் ஓட்டுறாரு, வீட்டுக்குப் பின்னால ஒரு கொட்டகைல உங்க கடை மாதிரியே ஸ்பேனரெல்லாம் சொவத்துல மாட்டி வச்சிருப்பாரு. நடந்ததச் சொன்னதும் அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணு, கண்ணாடி வழியா பாக்கக் கூடாது, கண்ணாடிக்கு மேல பாக்கணும். மழை ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாத்தையும் போட்டு என்னை வண்டில உக்கார வச்சாரு, ஸ்டாண்ட் போடாம, என் எடைக்கு சஸ்பென்ஷன் எறங்கட்டும்னு அவரே முன்னால நின்னு வண்டியப் பிடிச்சுக்கிட்டாரு. மேல் ஓரம் என் மூக்கு நுனிக்கும் மேல் ஒதட்டுக்கும் நடுவுல வரணுமாம். கண்ணாடி காத்தை ஓரத்துலயே வெட்டி விடாது, சரிவுக்குத் தக்கன இன்னும் கொஞ்சம் மேல தூக்கி எறியும், அதனால மூக்கு உயரத்துக் கண்ணாடி நெத்தி வரைக்கும் காத்தைத் தாண்ட வச்சிரும். அந்த எடத்துல மாஸ்கிங் டேப்ப ஒட்டி ரெண்டு நாள் ஓட்டிப் பாக்கச் சொன்னாரு, பாத்தேன், டேப்புக்கு மேலதான் ரோடு முழுசாத் தெரிஞ்சுச்சு.

அப்புறம்தான் அறுத்தோம். நீங்க அந்தக் காலத்துல ஸ்கூட்டருக்கு அக்ரிலிக் ஷீட்ட அறுக்கிறப்ப விரிசல் ஓடி வீணாப்போனது எனக்கு ஞாபகம் இருக்கு, பக்கத்துல நின்னு தண்ணி ஊத்துனதே நான்தானே. இது பாலிகார்பனேட், அவ்வளவு லேசுல விரியாது, இருந்தாலும் ரெண்டு பக்கமும் டேப்ப ஒட்டி, பொடிப் பல்லு பிளேடு போட்டு, மொதல்ல ஆறு சென்டிமீட்டர் எடுத்துட்டு ஒரு வாரம் ஓட்டினேன், பத்தல, இன்னொரு மூணு எடுத்தோம். மூலைய உருட்டி, ஓரத்த உப்புத்தாள் போட்டுத் தேச்சதெல்லாம் நான்தான். நீங்க வீடியோல பாத்த கோணல் எடதுபக்கத்துல இருக்கிறது, அதுவும் என் கைதான்.

இப்ப மழைல எப்படி இருக்குன்னா, நெஞ்சுல துளி படுறதில்ல, ஹெல்மெட் உச்சில மட்டும் சடசடன்னு சத்தம். ஹெல்மெட் கண்ணாடில துளி விழத்தான் செய்யுது, ஆனா தலைய லேசா திருப்பினாப் போதும், காத்தே வழிச்சு எடுத்துட்டுப் போயிரும், முந்தி அந்த உயரக் கண்ணாடிக்குப் பின்னால காத்தே இல்லாததால விழுந்த துளி விழுந்த எடத்துலயே உக்காந்திருந்துச்சு. உள்ள ஆவி பிடிக்காம இருக்க பின்லாக்னு ஒரு மெல்லிசு தகடு ஒட்டிருக்கேன். தலைய ஆட்டுற காத்தும் நின்னுருச்சு, முந்தியெல்லாம் வீட்டுக்கு வந்ததும் ரெண்டு மணி நேரம் கழுத்துப் பிடிச்சிருக்கும். கண்ணாடி எதுவும் செய்ய முடியாத எடமும் இருக்கு, ஜாக்கெட்ல வழிஞ்சு வர்ற தண்ணி மடில வந்து தேங்குது, பூட்ஸ்ல முன்சக்கரம் வாரி அடிக்குது, சிக்னல்ல நின்னா மழை செங்குத்தா தலைல எறங்கும். அதுக்கு நல்ல மழைக்கோட்டுதான், கையுறைய மழைக்கோட்டுக் கைக்கு உள்ள விடணும், வெளிய விட்டா விரல் வரைக்கும் தண்ணி எறங்கிரும்.

அம்மாகிட்ட சொல்லுங்க, இங்கயும் எடதுபக்கம்தான் ஓட்டுறாங்க, நம்ம ஊரு லைசென்ஸ் பன்னெண்டு மாசம்தான் செல்லும்ங்கிறதால நான் திரும்ப மொதல்ல இருந்து எல்லா டெஸ்ட்டும் எழுதி ஓட்டித்தான் வாங்கிருக்கேன், மணிக்கு 50 கிலோமீட்டர்ல வந்து சட்டுன்னு ஒடிச்சு விலகிக் காட்டச் சொல்லுவாங்க, அதையும் காட்டிட்டேன். ரோட்டுல ஐஸ் பிடிக்கிற மாசத்துல வண்டிய எடுக்க மாட்டேன், அப்ப ரோட்டுக்கு உப்பு வேற போடுவாங்க, அது இரும்பத் தின்னுரும். எதுக்க வர்ற பைக்காரங்க முன்ன பின்ன தெரியாட்டியும் தலைய லேசா அசைச்சுட்டுப் போவாங்க. டைன்ட்ரம்ல நிறுத்தி டீ குடிக்கிறப்ப எல்லாரும் சொட்டச் சொட்ட நிப்போம், ஒருத்தர் என் கண்ணாடியப் பாத்துட்டு யாரு வெட்டினதுன்னு கேட்டாரு, நான்தான், எங்கப்பா மெக்கானிக்னு சொன்னேன்.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அறுத்த ஓரம் ராத்திரில எதுக்க வர்ற லைட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடா மின்னுது, உப்புத்தாள் போட்டதால ஓரம் மங்கலா இருக்கிறதுதான் காரணம்னு நெனைக்கேன். கறுப்பு ரப்பர் பீடிங் ஒண்ணு ஓரத்துல சொருகினா மின்னாது, ஆனா கண்ணுக்கு நேர கறுப்பா ஒரு பட்டை வந்துருமோன்னு யோசனையா இருக்கு. நீங்க சேட்டக்குக்குப் போடுவீங்களே அந்தப் பீடிங், அது எத்தனை எம்எம், இல்ல இன்னும் பொடி தாள் போட்டுத் தண்ணி தொட்டுத் தேச்சு பாலிஷ் பண்ணிரட்டுமா. கையாலயே எழுதுங்க, தம்பி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புவான். நீங்க சொல்ற வரைக்கும் அதத் தொட மாட்டேன்.

உங்க மக