பானெட்டைச் சரிசெய்து தந்தவர்களுக்கு

காக்கி புக்கிட் பட்டறை அண்ணனுக்கும், ரப்பர் பாகங்கள் தேடித் தந்த சீன அங்கிளுக்கும், என் மச்சானுக்கும் வணக்கம்.

பெரியப்பா விட்டுச்சென்ற 1965 மோரிஸ் மைனர் காரின் பானெட் (என்ஜின் மூடி), பெயின்ட் அடித்து வந்த நாளிலிருந்தே சரியாக மூடவில்லை. இடது முன்மூலை தூக்கி நின்றது. மட்கார்டில் உரசி புதுப் பெயின்டையும் தின்றது. ஒருநாள் நம் சிங்கப்பூர் தீவு விரைவுச்சாலையில் போகும்போது பூட்டு விட்டுவிட்டது. இந்த வண்டியின் பானெட்டுக்குக் கீல் கண்ணாடிப் பக்கம், திறப்பு முன்பக்கம். காற்று அதை அப்படியே என் முகத்துக்கு நேராகத் தூக்கியிருக்கும். இரண்டாவது கொக்கி பிடித்துக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பானெட் வளைந்துவிட்டது, தட்டி நிமிர்த்த வேண்டும் என்றே எல்லோரும் சொன்னார்கள். நீங்கள்தான், அண்ணே, "தகரத்தில் கை வைக்காதே, முதலில் பூட்டைக் கழற்று" என்றீர்கள். பூட்டு இழுக்காதபோது பானெட் தானாக எங்கே உட்காருகிறது என்று பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தால் கோளாறு பானெட்டில் இல்லை! இடது மட்கார்டு உள்ளே தள்ளி மாட்டப்பட்டிருந்தது. மைனரின் முன் மட்கார்டுகள் வெல்டிங் இல்லை, போல்ட்தான்; அதனால் கதவின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே அதை வெளியே நகர்த்த முடிந்தது.

அந்த நடுப்பட்டையைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். வண்டியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று நடுவில் அறுத்து 4 அங்குலம் அகலப்படுத்தினாராம். பானெட்டின் நடுவே ஓடும் மேடான பட்டை அதனால் வந்ததாம். சிறு வயதிலிருந்து தொட்டு விளையாடிய பட்டை அது. அதை வைத்தே நடுக்கோடு பிடித்து, இரு பக்கமும் ஒரே அட்டைத் துண்டை விட்டு இடைவெளி அளந்தோம்.

அப்புறம் கீல். கழற்றும் முன் சுற்றிலும் பென்சில் கோடு, போல்ட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, கொஞ்சம் நகர்த்தி, இறுக்கி, மெதுவாக மூடிப் பார்ப்பது. எத்தனை முறை செய்தோமோ, மச்சான் கை வலித்தும் பானெட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே நின்றான். வலது கீலுக்கு அடியில் ஒரு வாஷர் போட்டதும் பின்பக்கம் சமமானது. முன்மூலை ரப்பர்கள் காய்ந்து கல்லாகியிருந்தன. அங்கிள் தந்த புதியவற்றை மாட்டி, கடைசியில்தான் பூட்டைப் பொருத்தினோம். உள்ளங்கையால் அழுத்தினேன், 'டக்' என்று மூடியது. பெரியப்பா காலத்தில் கேட்ட அதே சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூலி என்று நீங்கள் வாங்கிக்கொண்டது ஒரு கப் தேத்தண்ணீர்தான், அண்ணே. அங்கிள் ரப்பருக்குக்கூடக் காசு வாங்கவில்லை. மூன்று சனிக்கிழமைகள் உங்கள் வீட்டாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை. அவர்களுக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

பழைய வண்டிகளுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் வருடத்துக்கு 45 நாள்தான் வண்டியைச் சாலையில் எடுக்கலாம். வரும் ஞாயிறு அதில் ஒரு நாள். காலையில் பட்டறைக்கு வருகிறேன், தேக்காவில் தோசை சாப்பிடலாம். அங்கிளுக்கு முன்சீட்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து உங்கள் தம்பி